உடம்பு வலிக்குள் ஒளிந்திருந்த வயிற்று வலி: ஒரு நிகழ்வு ஆய்வு

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இதில் வருகிறவர் ஒரே ஆள் இல்லை. திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க்கொண்டு, ஃபைப்ரோமயால்ஜியாவோடும் (உடம்பெங்கும் நீடித்து வலிக்கிற நோய், சுருக்கமாக ஃபைப்ரோ) மாதாமாதம் வயிற்று வலியோடும் வந்த சில பெண்களிடம் பார்த்ததை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன், யார் எவர் என்று தேடிப் பயனில்லை. நான் பிசியோதெரபிஸ்ட். மாத்திரை எழுதுவது என் வேலை இல்லை, அதனால் மாத்திரைப் பேச்சு வருகிற இடமெல்லாம் மருத்துவர் முடிவு செய்தது என்றே படியுங்கள்.

அவருக்கு 37 வயது. பவர் டேபிளில் ஓவர்லாக் டெய்லர், பீஸ் ரேட், அதாவது தைத்த உருப்படிக்கு ஏற்பத்தான் கூலி. சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட், அதாவது காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் எழுந்து வீட்டுக்குக் கிளம்ப இரவு எட்டரை ஆகிவிடும். இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துகொண்டவர். கழுத்து, தோள்பட்டை, முதுகு, இடுப்பு, தொடை என்று எங்கே தொட்டாலும் வலி, தூங்கி எழுந்தாலும் அசதி, பாபின் மாற்ற எழுந்து எதற்கு எழுந்தோம் என்று மறந்துபோய் நிற்பது. வாத நோய் மருத்துவர் பார்த்து ஃபைப்ரோமயால்ஜியா என்று சொல்லி, வலிக்கும் தூக்கத்துக்கும் இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம் கொடுத்திருந்தார். என்னிடம் அனுப்பியது கழுத்து வலிக்கு. சீட்டில் மாதவிடாய் பற்றி ஒரு வரி இல்லை, அவராகவும் சொல்லவில்லை.

முதுகைப் பார்க்கும்போதுதான் கண்ணில் பட்டது. அடிவயிற்றிலும் இடுப்புக்குப் பின்னாலும் வலை பின்னினதுபோல் பழுப்புத் தடம். வெந்நீர்ப் பையை வருடக்கணக்கில், சுட்டுப் புண்ணாக்காத சூட்டில்தான் என்றாலும், தோலோடு தோலாக வைத்துக்கொண்டே இருப்பவர்களுக்கு வருகிற தடம் அது. பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டு வாங்குகிற எந்த எண்ணும் எனக்கு இவ்வளவு சொன்னதில்லை. "அக்கா, இது எப்ப இருந்து? அந்த நாள்ல வலி எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.

"எந்த வலியைங்க கேக்கறீங்க? மாசம் பூராம் அடிச்சுப் போட்ட மாதிரிதானுங்க இருக்குது. அந்த நாள்ல அதுவே பெருசாயிருது, அவ்வளவுதான். டாக்டரும் எல்லாம் அந்த நரம்பு வியாதிதான்னுட்டாரு."

இந்த ஆய்வில் நான் சொல்ல வருவது அந்தக் கடைசி வாக்கியத்தைப் பற்றித்தான். ஃபைப்ரோ என்று ஒரு பெயர் வைத்துவிட்டால், அதற்கப்புறம் உடம்பில் வருகிற எல்லாமே அந்தக் கணக்கில் எழுதப்படுகிறது. 2016-இல் திருத்திய நோயறிதல் விதிகளை எடுத்துப் பாருங்கள். உடம்பை 19 இடங்களாகப் பிரித்து வலியை எண்ணுவது, அசதி, தூக்கம், ஞாபகக் குழப்பம் இவற்றுக்கு மதிப்பெண் போடுவது, குறைந்தது மூன்று மாதம் நீடித்திருப்பது, இதெல்லாம் பலருக்கும் தெரியும். அதிலேயே இன்னொரு விதி இருக்கிறது: வேறு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபைப்ரோ என்ற கணிப்பு செல்லும். அப்படியென்றால் மறுபக்கமும் சரிதானே, ஃபைப்ரோ இருப்பதாலேயே வேறு நோய் இல்லை என்று ஆகிவிடாது.

அவர் செய்துகொண்டிருந்ததைக் கேட்டால் பிரச்சினை எங்கே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தது என்று தெரியும். ஃபைப்ரோ தொடங்கிய காலத்தில் உடம்பு வலிக்கு டைக்ளோபினாக்கை அட்டை அட்டையாகப் போட்டுப் பார்த்திருக்கிறார், கேட்கவில்லை. கேட்காததில் ஆச்சரியமும் இல்லை. ஃபைப்ரோவில் தசையிலோ மூட்டிலோ வீக்கம் இருந்து வலிப்பதில்லை, தண்டுவடமும் மூளையும் வலிச் செய்தியை இயல்பைவிட உயர்த்தி வாங்குவதால் வலிக்கிறது, அதனால் வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரைக்கு அங்கே பெரிய வேலை இல்லை. ஐரோப்பிய வாத நோய்க் கூட்டமைப்பின் பரிந்துரையும் இந்த வகை மாத்திரைகளை ஃபைப்ரோவுக்கு வேண்டாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் இவர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு வேறு: "வலி மாத்திரை எனக்குக் கேக்காதுங்க." அதனால் மாதவிடாய் நாளில் காலையில் வலி ஆரம்பித்தாலும் போடமாட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு தைப்பார், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் தாங்க முடியாமல்தான் ஒன்றைப் போடுவார், அதுவும் சரியாக வேலை செய்யாது, "பாத்தீங்களா, கேக்கல" என்று நம்பிக்கை இன்னும் உறுதியாகும்.

மாதவிடாய் வலியின் கதையே வேறு. உதிரப்போக்கு தொடங்குவதற்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் இறங்கும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வில் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் ஏராளமாக உண்டாகிறது. அதுதான் கர்ப்பப்பையை இறுக்கிப் பிடிக்க வைக்கிறது, அந்த இறுக்கத்தில் ரத்த ஓட்டம் நெரிபடுகிறது, வலிக்கிறது. அன்றைக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வருவதற்கும் அதே பொருள்தான் காரணம். டைக்ளோபினாக் ரகத்தைச் சேர்ந்த மெஃபனமிக் அமிலம், ஐபுபுரூஃபன், நாப்ராக்சன் எல்லாம் அந்தப் பொருள் உண்டாவதையே தடுப்பவை. உண்டான பின்னால் போட்டால் பாதி பலன்தான். உதிரம் கண்டவுடனே, நாள் சரியாகத் தெரிந்தவர்கள் அதற்குச் சற்று முன்பே, ஆரம்பித்து முதல் இரண்டு மூன்று நாளைக்கு நேரம் தவறாமல் சாப்பாட்டுக்குப் பின் போட வேண்டியது. உடம்பு வலிக்குக் கேட்காத அதே ரக மாத்திரை வயிற்று வலிக்குக் கேட்கும் என்பதை அவருக்குப் புரியவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கக்கூட அவ்வளவு ஆகவில்லை.

சரி, இரண்டு வலியையும் எப்படிப் பிரிப்பது? அவர் வீட்டில் தேதி கிழிக்கிற காலண்டர் இருந்தது. கிழித்த தாளின் பின்பக்கம் இரவில் படுக்கும்முன் மூன்றே விஷயம் எழுதச் சொன்னேன்: வயிறு எவ்வளவு, மற்ற உடம்பு எவ்வளவு, நேற்று தூக்கம் எப்படி. உதிரப்போக்கு இருந்தால் ஒரு வட்டம். போன் செயலி எல்லாம் வேண்டாம் என்றுவிட்டார், போன் பையனிடம் இருக்கும். ரப்பர் பேண்ட் போட்டு அந்தத் தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பியபோது ஒழுங்கு ஒன்று தெரிந்தது. உதிரம் வருவதற்கு நான்கைந்து நாள் முன்னாலேயே தூக்கம் கெடுகிறது, கூடவே தோள்பட்டையும் தொடையும் குடைய ஆரம்பிக்கிறது, வயிறு அப்போது சும்மா இருக்கிறது. அப்புறம் முதல் இரண்டு நாள் வயிறு ஒன்பது, பத்து. மூன்றாம் நாள் வயிறு இறங்கிவிடுகிறது, ஆனால் ஐந்தாம் நாள் உடம்பு வலி மாதத்திலேயே உச்சம். ஐந்தாம் நாள் ஏன் என்று கேட்டால், வயிறு விட்டதும் தேங்கிக் கிடந்த துணி, மாவு ஆட்டுவது, வீடு கழுவுவது எல்லாவற்றையும் நான்காம் நாளே ஒரேயடியாக முடித்துவிடுவார். தலைக்குத் தண்ணி ஊற்றிக்கொண்டு வீட்டைக் கழுவுவது அவர் வீட்டு வழக்கம் வேறு.

முன்கூட்டியே உடம்பு வலி ஏறுவதற்கு ஹார்மோனோடு தொடர்பு இருக்கலாம். ஃபைப்ரோ உள்ள எட்டுப் பெண்களுக்கு 25 நாள் தொடர்ந்து தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு 2018-இல் வந்தது, புரோஜெஸ்டிரோனும் டெஸ்டோஸ்டிரோனும் குறைந்த நாள்களில் வலி அதிகம் என்று கண்டார்கள். எட்டுப் பேர்தான், அதை வைத்து ஊருக்கே சட்டம் போட முடியாது, ஆனால் இவருடைய காலண்டர் தாளும் அதையே சொன்னது.

வயிற்று வலியிலும் எல்லாமே கர்ப்பப்பை இல்லை. உதிரப்போக்கு இல்லாத ஒரு நாளில் படுக்கவைத்து, வலிக்கிற இடத்தில் விரலை அழுத்தி வைத்துக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கச் சொன்னேன். வயிற்றுத் தசை இறுகும்போது வலி குறைந்தால் உள்ளிருந்து வருவது, குறையாமல் கூடினால் வயிற்றுச் சுவரிலேயே வலி இருக்கிறது. இவருக்கு இடுப்பு எலும்பை ஒட்டி இரண்டு இடத்தில் கூடியது. பாவாடை நாடா இறுகுகிற கோடு அது. ஃபைப்ரோவில் லேசான அழுத்தமே வலியாக மாறும், அந்த நாள்களில் இன்னும் மோசம், அதன்மேல் நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு பன்னிரண்டு மணி நேரம் குனிந்து உட்கார்ந்தால்? அந்த வாரம் சேலையை விட்டுவிட்டு லாஸ்டிக் வைத்த தளர்ச்சியான பேண்ட்டுக்கும் சுடிதாருக்கும் மாறியது செலவில்லாத வைத்தியம், முதல் மாதமே வித்தியாசம் சொன்னார்.

அடுத்தது யாருமே கேட்காத கேள்விகள். அந்த நாளில் மலம் கழிக்கும்போது வலிக்குமா, தாம்பத்தியத்தின்போது உள்ளே ஆழமாக வலிக்குமா, கட்டி கட்டியாகப் போகுமா, இரவில் நாப்கின் மாற்ற எழ வேண்டியிருக்குமா, கல்யாணத்துக்கு முன் இருந்த வலிக்கும் இப்போதைய வலிக்கும் வித்தியாசம் உண்டா. இரண்டாவது குழந்தைக்கு அப்புறம்தான் வலி வளர்ந்தது, கட்டி போகும், இரவில் இரண்டு முறை எழுவார், தாம்பத்தியம் "அதெல்லாம் விட்டு நாளாச்சுங்க". வயது ஏற ஏற வலி கூடுவதும் உதிரம் அதிகமாவதும் சாதாரண மாதவிடாய் வலியின் குணம் இல்லை. எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ், நார்க்கட்டி என்று தேட வேண்டிய அடையாளங்கள் இவை. இன்னொன்று, ஃபைப்ரோவும் எண்டோமெட்ரியோசிஸும் குடல் எரிச்சல் நோயும் ஒற்றைத் தலைவலியும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை, அதனால் ஒன்று இருப்பவரிடம் மற்றதை இன்னும் கவனமாகத் தேட வேண்டும். நடப்பது தலைகீழ்.

மகப்பேறு மருத்துவருக்குக் கடிதம் எழுதி அனுப்பினேன். ஸ்கேனில் கர்ப்பப்பை பெரிதாக இருந்தது, சுவர் தடித்து அடினோமயோசிஸுக்கான அடையாளம். கர்ப்பப்பையின் உள்சவ்வு அதன் தசைச் சுவருக்குள்ளேயே வளர்வதுதான் அடினோமயோசிஸ். ஹீமோகுளோபின் 9.1. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே ரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 கணக்கில் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை, தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல். இவ்வளவு பரவலாக இருக்கிற ஒன்றை, அசதி என்று சொல்லி வந்தவரிடம் ஃபைப்ரோ என்று எழுதிய பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆற்றாமைதான். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். அதை அவர் பத்தரை மணி டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார், டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது. நேரத்தை மாற்றினோம்.

மாத்திரைப் பையைக் கொட்டிப் பார்த்ததில் இன்னொன்று. மெடிக்கலில் கேட்டு வாங்குகிற மெஃப்டால் ஸ்பாஸில் மெஃபனமிக் அமிலம் மட்டும் இல்லை, டைசைக்ளோமின் என்ற, வயிற்றுப் பிடிப்பைத் தளர்த்துகிற மருந்தும் இருக்கிறது. அது வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும், கண்ணைச் சொக்கவைக்கும். இரவில் போடுகிற அமிட்ரிப்டிலினும் அதே மூன்றையும் செய்யும். இரண்டும் சேர்ந்தால் அந்த நாள்களில் தலை கிறுகிறுத்து, மலம் இறுகி, அதனாலேயே அடிவயிறு இன்னும் வலிக்கிறது. ஊசி ஓடுகிற மெஷின் முன்னால் சொக்குவது எவ்வளவு ஆபத்து என்று தையல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவர் கூட்டு மாத்திரையை நிறுத்தி மெஃபனமிக் அமிலத்தைத் தனியாக, முதல் இரண்டரை நாளுக்கு மட்டும் எழுதினார். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தானாக வாங்கிப் போடக் கூடாது. 2023 கடைசியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபனமிக் அமிலத்துக்கு ஒரு எச்சரிக்கை விட்டது, அரிதாக வருகிற கடும் ஒவ்வாமை பற்றி. போட்ட சில வாரங்களுக்குள் காய்ச்சலோடு தோல் தடித்துச் சிவந்தால், நெறி கட்டினால், உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். ஃபைப்ரோவுக்கு டுலாக்செடின் போடுகிறவர்கள் இந்த ரக மாத்திரையைச் சேர்த்தால் ரத்தக்கசிவு வாய்ப்பு கூடும், அதையும் மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கம்பெனியில் கேட்டால் ஒரு மாத்திரை கொடுப்பார்கள், அட்டையில்லாமல், பெயரில்லாமல். இது இவர் ஒருவர் கதை இல்லை. தமிழ்நாட்டு ஆடைத் தொழிலாளிகளுக்கு மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரை கொடுக்கப்படுவதை 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தி வெளிக்கொண்டுவந்தது. வீட்டில் ஒன்று, கம்பெனியில் ஒன்று என்று ஒரே மருந்தை இரட்டிப்பாக விழுங்குகிற வாய்ப்பு அதில் இருக்கிறது, வெறும் வயிற்றில் வேறு. மருத்துவர் எழுதிய அட்டையையே டிபன் பாக்ஸ் பையில் கொண்டுபோகச் சொன்னேன், சூப்பர்வைசர் கொடுப்பதை வாங்கவேண்டாம் என்றேன்.

அடினோமயோசிஸுக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது உறவுக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது: "ரெண்டு புள்ள பெத்தாச்சு, கர்ப்பப்பைய எடுத்துரு, நிம்மதி." சிலருக்கு அது சரியான தீர்வாகவே இருக்கலாம், ஆனால் ஃபைப்ரோ உள்ளவர் முதலிலேயே அங்கே போகக் கூடாது என்பது என் கருத்து. கர்ப்பப்பை அறுவை செய்துகொண்ட பெண்களில் ஃபைப்ரோ மதிப்பெண் கூடியவர்களுக்கு அறுவைக்குப் பின் வலி மருந்து அதிகம் தேவைப்பட்டதை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டியிருக்கிறார்கள். கர்ப்பப்பை போனால் வயிற்று வலி போகும், தோள்பட்டை வலி அதற்காகப் போகாது.

மருத்துவர் சொன்னது ஹார்மோன் வளையம், லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் உள்ள, கர்ப்பப்பைக்குள் வைக்கிற சாதனம். "எனக்குத்தான் ஆபரேஷன் பண்ணியாச்சேங்க, எதுக்குங்க காப்பர் டி?" கேள்வி நியாயம்தான். காப்பர் டி வேறு, இது வேறு. காப்பர் டி உதிரத்தையும் வலியையும் கூட்டக்கூடியது, இது உள்சவ்வை மெலிதாக்கி இரண்டையும் குறைப்பது. இங்கே கருத்தடைக்காக வைப்பதே இல்லை. கருத்தடை மாத்திரை ஏன் இல்லை என்றால் இவருக்கு ஒற்றைத் தலைவலி உண்டு, வயது 35 தாண்டியாயிற்று, ஈஸ்டிரோஜன் உள்ள மாத்திரை அந்தச் சேர்க்கைக்கு உகந்ததில்லை. வைக்கும்போது வலிக்கும் என்பதை மறைக்கவேண்டாம், ஃபைப்ரோ உள்ளவருக்கு மற்றவர்களைவிட அதிகம் வலிக்கலாம், அதனால் முன்கூட்டியே மாத்திரையும் அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசியும் கேட்டு வாங்கிக்கொள்ளும்படி சொல்லி அனுப்பினேன். கேட்டார், கொடுத்தார்கள்.

அப்புறம் வந்ததுதான் சோதனை. முதல் சில மாதம் உதிரம் சொட்டுச் சொட்டாக நாள் கணக்கில்லாமல் போனது. எதிர்பார்த்ததுதான், எல்லாரும் சொல்லியிருந்தார்கள். ஆனால் அது ஆடி மாதத்தில் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. "வெள்ளிக்கெழமையெல்லாம் போச்சுங்க, ஒரு கோயிலுக்கும் போக முடியல, எடுத்துப் போடச் சொல்லிரலாமான்னு இருக்குது" என்று வந்து நின்றார். போகலாம் என்பது என் எண்ணம், போக மாட்டேன் என்பது அவர் எண்ணம், அதில் வாதம் செய்ய எனக்கு வேலை இல்லை. ஐப்பசி வரை பொறுத்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். புரட்டாசியிலேயே குறைந்துவிட்டது. வைக்கும் தேதியைத் திருவிழா காலண்டரையும் பார்த்து முடிவு செய்யச் சொல்லுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

உடற்பயிற்சியில் பெரிதாக ஒன்றும் இல்லை. கணக்கு ஒன்றுதான்: முன்வாரத்தில் எதையும் கூட்டாதே, நான்காம் நாள் எதையும் தீர்த்துக்கட்டாதே. மற்ற நாளில் மொட்டை மாடியில் பத்து நிமிட நடை, தாங்கினால் வாரம் ஒரு நிமிடம் கூட்டுவது. வலி நாளில் முட்டி போட்டு நெற்றியைத் தரையில் வைத்துக் கிடப்பது, வயிறு உப்ப மூச்சு இழுத்து, சிறுநீரை அடக்கப் பயன்படுகிற இடுப்புத் தளத் தசையைத் தளர விடுவது. யூடியூப் பார்த்து, அந்தத் தசையை இறுக்குகிற கீகல் பயிற்சி செய்துகொண்டிருந்தார், நிறுத்தச் சொன்னேன். ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசையை இன்னும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். ஒத்தடத்தை நிறுத்தச் சொல்லவில்லை, இதமான தொடர் சூடு மாதவிடாய் வலிக்கு நன்றாகவே கேட்கும். துணி மேல் துணி சுற்றி, இருபது நிமிடத்தில் எடுத்துவிடுவது என்று மாற்றினோம், பழுப்புத் தடம் மெல்ல மங்குகிறது. தோலில் பட்டை ஒட்டி மின்துடிப்பு தருகிற டென்ஸ் கருவியும் சிலருக்கு நல்ல பலன் தரும், இவருக்கு அந்தக் குறுகுறுப்பே தாங்கவில்லை, விட்டுவிட்டோம்.

லீவுதான் தீராத சங்கதி. பீகாரில் அரசுப் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் விடுப்பு 1992 முதல் இருக்கிறது, பீஸ் ரேட் டெய்லருக்கு அதனால் என்ன? இஎஸ்ஐயில் நோய்க்கால உதவி சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. ஆனால் பொதுவாக முதல் இரண்டு நாளுக்குக் கிடையாது. மாதம் இரண்டு நாள் முடங்குகிறவருக்குச் சரியாக அந்த இரண்டு நாள்தான் போகிறது. லைன் சூப்பர்வைசரிடம் பேசி, அந்த இரண்டு நாள் ஓவர்லாக்கை விட்டு நின்றும் உட்கார்ந்தும் செய்கிற செக்கிங் டேபிளுக்கு மாற்றிக்கொண்டார். கூலி கொஞ்சம் குறையும், லீவு போட்டால் முழுதாகப் போகிறதே என்று அவரே கணக்குப் போட்டுக்கொண்டார்.

இப்போது நிலவரம். மாதவிடாயில் வயிற்று வலி பெரும்பாலும் மூன்று, நான்குக்குள் நிற்கிறது, சில மாதம் உதிரமே இல்லை. ஹீமோகுளோபின் 11.6. முன்வாரத்து உடம்பு வலி இருக்கிறது, முன்பு அளவுக்கு இல்லை. ஃபைப்ரோ அப்படியே இருக்கிறது, சீசன் வந்து ஒன்றரை ஷிப்ட் தொடங்கினால் காலண்டர் தாளில் உடம்பு எண் எட்டைத் தொடுகிறது. போன முறை வந்தபோது, "தீட்டு நின்னுட்டா எல்லாம் போயிருமுங்களா?" என்று கேட்டார். அடினோமயோசிஸ் வலி அப்போது அடங்கும், ஃபைப்ரோவுக்கு அந்த உறுதியைத் தர முடியாது, சிலருக்கு அந்த வயதில் தூக்கம் கெட்டு வலி கூடவும் செய்யும் என்றேன். அமிட்ரிப்டிலின் அளவைத் திரும்பப் பார்க்கச் சொல்லி வாத நோய் மருத்துவருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன், இந்த முறை முதல் வரியிலேயே மாதவிடாய் பற்றி எழுதி.